ரோசேரின் நாக்கு

மார்ச் மாதம் முதல் வெள்ளிக்கிழமை ரோசேரும் அவர் மனைவி மார்லேனும் கடையைத் திறப்பார்கள். விக்டோரியாவீல் ஊருக்குப் போகிற சாலையோரத்தில் ஒரு வெள்ளைக் கொட்டகை, அவ்வளவுதான். உள்ளே உட்கார இடம் கிடையாது. பனி முழங்கால் வரை கிடந்தாலும் அன்று ஊரே வந்து ஜன்னல் முன்னால் நிற்கும். நான் அங்கே உருளைக்கிழங்கு வெட்டிப் பொரிப்பவன். பல வருடமாகிவிட்டது. நவம்பரில் கடையை மூடினால் மார்ச் வரை ரேடியோதான் எனக்குத் துணை என்பதால், அந்த வெள்ளிக்கிழமைக்கு நானும் காத்திருப்பேன்.

நாங்கள் விற்பது பூட்டீன் என்கிற பண்டம். எங்கள் பக்கத்தில் அது விருந்துச் சாப்பாடு இல்லை. வேலை போன அன்றைக்குச் சாப்பிடுவார்கள். ஹாக்கியில் தோற்ற அன்றைக்குச் சாப்பிடுவார்கள். சவ அடக்கம் முடிந்து கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நிற்பார்கள். சூடான உருளை வறுவல், அன்று காலை ஆலையிலிருந்து வந்த சீஸ் கட்டிகள், மேலே கொதிக்கிற பழுப்புக் குழம்பு. சீஸ் பாதி உருகிப் பாதி உருகாமல் இருக்கும்போதே தின்றுவிட வேண்டும். வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடியெல்லாம் ஆவி படிய யாராவது தனியாகத் தின்றுகொண்டிருந்தால், கிட்டப் போய்ப் பேச்சுக் கொடுக்க மாட்டோம். ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

மற்ற கடைகளில் குழம்புக்குப் பொடி வாங்கிக் கரைக்கிறார்கள். ரோசேர் கரைப்பதில்லை. கோழி எலும்பு, மாட்டெலும்பு, வெங்காயம், சிவக்க வறுத்த மாவு, கடைசியில் கொஞ்சம் வினிகர். அளவு என்று ஒன்றும் கிடையாது. கரண்டியில் எடுத்து நாக்கில் வைப்பார், கண்ணை மூடுவார், அப்புறம் கைக்கு வருவதைப் போடுவார். இந்த வருடமும் அப்படித்தான் செய்தார். நான் பார்த்தேன்.

மதியத்துக்குள் குப்பைத்தொட்டி நிறைந்துவிட்டது. பையை மாற்றப் போன மார்லேன் திரும்பி வரவே இல்லை. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். கையில் ஒரு காலி டப்பாவோடு பனியில் நின்றுகொண்டிருந்தார். காலி இல்லை. வறுவலையும் சீஸையும் பொறுக்கித் தின்றுவிட்டுக் குழம்பை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள். குனிந்து இன்னொன்றைத் திறந்தார். அதிலும் அப்படியே. அடியில் குழம்பில் ஊறிக் கிடக்கிற துண்டுகளுக்காகவே இங்கே அண்ணன் தம்பிகள் முள்கரண்டியால் குத்திக்கொள்வார்கள். அதை யாரும் வீசமாட்டார்கள்.

மார்லேன் உள்ளே வந்தார், ஜன்னலைச் சாத்தினார், பானையிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். உடனே தொட்டியில் துப்பினார்.

"ரோசேர், இதை ருசி பாத்தியா நீ?"

"பாத்தேனே."

"இன்னொரு தடவை பாரு."

அவர் கரண்டியை வாங்கி வாயில் வைத்தார். கண்ணை மூடினார். "நல்லாத்தான் இருக்கு."

"கடல்தண்ணி மாதிரி இருக்கு! உப்பு வாயைப் பிடுங்குது."

மார்லேன் வினிகர் பாட்டிலைத் திறந்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினார். எனக்கு அங்கிருந்தே கண் எரிந்தது. ரோசேர் மூச்சை இழுத்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"எப்பலேர்ந்து?"

"கிறிஸ்துமஸ் காய்ச்சலோட போச்சு. வந்துரும்னு நெனச்சேன்."

"ரெண்டு மாசமா நான் வடிச்சுக் கொட்டினதையெல்லாம் நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொன்னியே!"

"உன் சமையலுக்கு அது எப்பவும் சொல்றதுதானே."

மார்லேனுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கியதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பலிபீடமே! திருக்கிண்ணமே!" என்று ஆரம்பித்தார். எங்கள் ஊரில் கோவில் சாமான்களை வரிசையாகச் சொல்லித்தான் திட்டுவார்கள். பூசைக்கு வேண்டியதெல்லாம் தீர்ந்த பிறகு, "ஊருக்குச் சொல்லிருவோம்" என்றார்.

"வேண்டாம்."

"ஏன்?"

"குழம்பு போடத் தெரியாதவன் இந்தக் கொட்டாயில என்ன பண்ணுவான்? தரையைக் கூட்டுவானா? சொன்னா நாளைக்கே கடையை வித்துரு."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அது மார்லேனுக்கும் தெரிந்தது.

மறுநாள் காலை பானை முன்னால் இருவரும் சேர்ந்து நின்றார்கள். ரோசேர் கிளறினார். மார்லேன் ருசி பார்த்தார்.

"எப்படி இருக்கு?"

"என்னமோ குறையுது."

"என்ன குறையுது? உப்பா, புளிப்பா, மாவு வறுபடலையா?"

"தெரியலையே ரோசேர். இத்தனை வருஷமா தின்னேன். படிச்சா தின்னேன்?"

முதல் பானையைக் கீழே ஊற்றினார்கள். இரண்டாவது கொஞ்சம் தேவலை. வெளியே வண்டிகள் வந்து நிற்க ஆரம்பித்துவிட்டதால், போதும் என்று மார்லேன் ஜன்னலைத் திறந்தார்.

முதல் ஆள் ஜெர்வே. பால் லாரி ஓட்டுகிறவர். பள்ளிக்கூடத்திலிருந்தே ரோசேருக்குக் கூட்டாளி. தலையை உள்ளே நீட்டினார்.

"டேய் ரோசேர்! நேத்து பனி உருகறதுக்குச் சாலையில தூவுற உப்பை எடுத்துக் குழம்புல போட்டியாடா? ராத்திரி முழுக்கத் தண்ணி குடிச்சுச் செத்தேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மார்லேன் முந்திக்கொண்டார். "நேத்து நான் போட்டேன் ஜெர்வே. அவருக்கு முதுகு வலி. எனக்குக் கை தவறிருச்சு."

"அதானே பாத்தேன்! பொம்பளை கையில பானையைக் குடுத்தா இப்படித்தான்."

எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்ற நான் ரோசேரைத்தான் பார்த்தேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார்.

"அவ பொய் சொல்றா. நான்தான் போட்டேன். என் நாக்கு செத்துப்போச்சுடா."

யாரும் சிரிக்கவில்லை. வரிசையின் பின்னால் யாரோ, "என்ன சொல்றான்?" என்று கேட்டார்கள்.

"மூக்கும்தான். வினிகரும் தண்ணியும் எனக்கு ஒண்ணு" என்றார் ரோசேர், கொஞ்சம் சத்தமாக, பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று.

ஜெர்வே தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். "டாக்டர் என்ன சொல்றான்?"

"போகல."

"கழுதை." அப்புறம், "இன்னிக்குக் குழம்பு யாரு?" என்றார்.

"கை என்னுது. வாய் அவளுது."

"பெரிசு ஒண்ணு குடு."

வறுவலை நான் எடுத்தேன், மார்லேன் சீஸைத் தூவினார், ரோசேர் குழம்பை ஊற்றினார். ஜெர்வே வண்டிக்குப் போகவில்லை. ஜன்னலுக்கு முன்னாலேயே நின்று, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மெல்ல மென்று தின்றார்.

"சொல்லுடா" என்றார் ரோசேர்.

"உன்னுது மாதிரி இல்ல."

மார்லேன் முகம் செத்துவிட்டது. வரிசையில் ஒரு குடும்பம் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு வண்டிக்குத் திரும்பியது. மற்றவர்கள் நின்றார்கள். பசியாலா, மரியாதையாலா, எனக்குத் தெரியவில்லை.

"எப்படி இல்ல?" ரோசேர் விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டியிருந்தார். "என்னுது எப்படி இருக்கும், அதைச் சொல்லு."

ஜெர்வே முள்கரண்டியைக் காற்றில் பிடித்தபடி யோசித்தார். "உன்னுது… தொண்டைக்குள்ள போனப்புறம் லேசா ஒரு காரம் வரும். தின்னு முடிச்சப்புறம்தான் வரும்."

"மிளகு" என்றார் ரோசேர். பின்னால் திரும்பினார். "மார்லேன், மிளகை நான் இறக்கறப்போதான் போடுவேன். நீ முன்னாடியே போடச் சொன்னே."

"நீ ஏன் வாயத் திறக்கல?"

"எனக்கு இப்பதானே ஞாபகம் வருது!"

ரோசேர் மிளகு டப்பாவை எடுத்துப் பானைக்கு மேலே பிடித்தார். தட்டவில்லை. பிறகு அதை மார்லேனிடம் கொடுத்துவிட்டு ஜன்னலை நோக்கிக் கத்தினார்:

"அடுத்தது யாரு? கிட்ட வா. தின்னுட்டு ஓடக்கூடாது, என்ன குறையுதுன்னு சொல்லிட்டுத்தான் போகணும்."