எதிர்க்காற்றில் ஒரு பயணம்

அண்ணன், அவர் மனைவி, தங்கை, விமான நிறுவனத்தின் கால அட்டவணை அதிகாரி, ஒரு விமானி ஆகிய ஐவரும் அண்ணன் வீட்டுக் கூடத்தில் இருந்தார்கள். எங்கள் நகரத்துக்கும் தம்பி இருக்கும் நகரத்துக்கும் இடையிலான வான்தூரம் ஆயிரத்து நூறு கிலோமீட்டரிலிருந்து நாலாயிரத்து எழுநூறாக வளர்ந்ததற்கு எங்கள் குடும்பமே காரணம் என்பது அன்று காலை ஏழு மணிக்கு, அவர்கள் முன்னிலையில், தாளில் காட்டப்பட்டது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், அந்த நகரத்தில் வேலையில் இருந்த தம்பி, வந்து தங்கிப் போகும்படி அண்ணனுக்கு விமான டிக்கெட் எடுத்து அனுப்பினார். அன்பாகத்தான் அனுப்பினார். மூத்தவருக்கு இளையவர் வழிச்செலவு தருவது எங்கள் வீட்டில் இல்லாத வழக்கம். அண்ணன் டிக்கெட்டை நான்காகக் கிழித்து, பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பினார். அதோடு பேச்சு நின்றது. 'தம்பி' என்ற சொல்லும் நின்று, 'அந்த ஊர்க்காரர்' என்றானது. அதிலிருந்து ஆண்டுக்கு நானூறு கிலோமீட்டர் கூடியது. ஒரு மணி ஐம்பது நிமிடப் பயணம் ஆறரை மணி நேரமானது. மனத்தாங்கல் விமான டிக்கெட்டால் வந்ததால் ரயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது வழக்கம்போல் பதினேழு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

அண்ணன் நில அளவைத் துறையில் முப்பது ஆண்டு இருந்தவர். தாளை வாங்கிக் கூட்டிப் பார்த்தார். "அளவுல தப்பில்ல" என்றார்.

"அப்போ ஒரு போன் பண்ணிடுங்க சார்" என்றார் அதிகாரி.

"சின்னவர்தான் கூப்பிடணும்."

"நீங்க ரெண்டு பேரும் விறைச்சுக்கிட்டு நில்லுங்க. பாவம், நூத்தம்பது பேர் வானத்துல பட்டினி கிடக்கட்டும்" என்றார் மனைவி.

தங்கை அப்போதுதான் சொன்னார். "இன்னிக்கு ஒரு மணிக்கு அவனுக்கு இதயத்துல ஆபரேஷன். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னான்."

அண்ணன் எழுந்து சட்டை மாற்றிக்கொண்டார். பத்து மணி விமானம் நாலரைக்குத்தான் இறங்கும் என்று விமானியே சொல்லியும் கேட்கவில்லை. டிக்கெட்டைத் தானே எடுத்தார்.

விமானம் மேலே ஏறிச் சமநிலைக்கு வந்ததும், பணிப்பெண் தண்ணீர் கொடுத்து, யாரைப் பார்க்கப் போகிறார் என்று கேட்டாள். அண்ணன் தண்ணீரைக் கீழே வைத்தார்.

"என் தம்பிய" என்றார்.

அதிலிருந்து பன்னிரண்டாவது நிமிடம் சக்கரம் தரையைத் தொட்டது. பயணிகள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

ஆபரேஷனுக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது தம்பி அவரைப் பார்த்துவிட்டார்.

"அண்ணா! எந்த ஃப்ளைட்ல வந்தீங்க?"

"பத்து மணி."

"அது நாலரைக்குத்தானே வரும்?"

"வந்துடுச்சு. பேசாம படுடா."

தம்பி பிழைத்துக்கொண்டார். இப்போது அந்தப் பயணம் மறுபடி ஒரு மணி ஐம்பது நிமிடம்தான். அதிகாரி அட்டவணையைத் திருத்திவிட்டார்.

அன்றைக்குப் பின்காற்று பலமாக வீசியதால்தான் விமானம் சீக்கிரம் போனது என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். அது தவறு. அன்று எதிர்க்காற்று.