ஒழுகும் கூரையும் ரசமட்டமும்

யெல்லே வண்டியை நிறுத்திவிட்டான் என்றால் வண்டி நின்றுவிட்டது என்று பொருளல்ல. அதன் பிறகுதான் நிறுத்தும் வேலையே தொடங்கும். வண்டிக்குள்ளிருக்கும் சமையல் மேடைமேல், தளம் சமமா என்று காட்டும் ரசமட்டத்தை வைப்பான். குமிழ் ஒதுங்கும் பக்கத்தைப் பார்ப்பான். இறங்கிப் போய் எதிர்ப்பக்கச் சக்கரத்தின் கீழே ஆப்புக்கட்டையை வைப்பான். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் அவன் மனைவி அஃப்கேக்கு வெளியிலிருந்து ஆணைகள் வரும்.

"முன்ன வா. இன்னும் கொஞ்சம். போதும். போதும்னேன்ல. இப்ப ஒரு மயிரிழை பின்ன."

"மயிரிழைக்கெல்லாம் இந்த வண்டியில கியர் கிடையாது யெல்லே."

குமிழ் நடுக்கோட்டில் வந்து உட்கார்ந்த பிறகே காபி. ஃப்ரீஸ்லாந்தில், சொந்த ஊரில், இந்தக் கவலையே இல்லை. அங்கே பூமியே மேசைபோலத்தான் கிடக்கிறது. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைச்சரிவில், ஊர்த் ஆற்றங்கரை முகாம் திடலில், ஆறடி நிலம்கூட மட்டமாக இல்லை. முப்பது ஆண்டுகளாகக் குளியலறைகளுக்கு ஓடு பதித்தே பிழைத்துவரும் ஒருவனுக்கு அது இயற்கை தன்னை நோக்கி விடுத்த அறைகூவலாகத் தோன்றியது.

வேன் பழையது. அதன் கூரை நான்கு மூலைக் கம்பிகளில் நேராக மேலெழும்; எழுந்த இடைவெளியைச் சுற்றிக் கித்தான் சுவர்; அதற்குள் மேல்தட்டில் படுக்கை. மல்லாந்து படுத்துக் கையை நீட்டினால் கூரை எட்டும். அந்தக் கூரை மூன்று கோடைகளாக ஒழுகியது. சொட்டு எப்போதும் ஒரே இடத்தில் விழும்: அஃப்கேயின் தலையணையில். கித்தான் தையல்தான் குற்றவாளி என்பது யெல்லேயின் முடிவு. அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஆகவே ஒவ்வொரு தையலுக்கும் மெழுகு தேய்த்தான். மெழுகுக்கு மேல் சிலிக்கான் பசை பூசினான். பசை உரிந்த இடங்களில் மறுபடி மெழுகு தேய்த்தான். தையல்கள் பளபளத்தன. சொட்டு விழுந்தபடியே இருந்தது.

இந்தப் பயணத்துக்கு முந்தைய வாரம், நண்பன் டௌவேயின் பிறந்தநாள் காபியில், வட்டமாக உட்கார்ந்திருந்த இருபது பேர் முன்னிலையில் யெல்லே ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். "இந்தத் தடவை ஒரு சொட்டு விழுந்தாலும் வண்டி உனக்குத்தான் டௌவே. ஏரிக்கரையில உன் இடத்துக்குப் பக்கத்துல அசையாத கேரவன் ஒண்ணு வாங்கிப் போட்டுட்டு நாங்களும் அங்கேயே உட்கார்ந்துடறோம்." ஃப்ரீஸ்லாந்துக்காரனுக்குச் சபையில் சொன்ன வார்த்தையை மாற்றுவதைவிட ஊரை மாற்றிக்கொள்வது எளிது. இருபது பேரும் அஃப்கேயைப் பார்த்து, உனக்கு விடிவுகாலம் வந்தது என்பதுபோலச் சிரித்தார்கள்.

அவர்கள் சிரித்ததில் தவறில்லை. மூன்றாண்டுகளாக அந்த வேனைச் சல்லடை என்றும், ஓட்டைப் பானை என்றும், சக்கரம் வைத்த சாக்கடை என்றும் ஊரறியத் திட்டியவள் அவள்தான். தாம் திட்டும் பொருளைப் பிறர் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்க நேர்ந்தவர்களுக்கே அவளுடைய நிலை விளங்கும். ஏரிக்கரை என்றால், முழங்கால் உயரத்துக்குச் சீராக வெட்டப்பட்ட வேலி. வேலிக்கு அப்பால் காலைதோறும் தன் மூட்டுவலியின் நிலவரத்தை அறிவிக்கும் டௌவேயின் மனைவி. அடுத்த கோடையிலும் அதே வேலி, அதே மூட்டு. வேனில் என்றால், சாயங்காலம்வரை எங்கே தூங்குவோம் என்று தெரியாது. அந்தத் தெரியாமையை அவள் எவ்வளவு விரும்பினாள் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. திட்டுவதற்கே நேரம் சரியாயிருந்தது.

ஆகவே முதல் காலையிலேயே, மழை கித்தானைத் தட்டிக்கொண்டிருந்தபோது, நெற்றியில் ஒரு குளிர்ந்த சொட்டு விழுந்ததும் அஃப்கே செய்த முதல் காரியம் தலையணையைத் திருப்பிப் போட்டது. இரண்டாவது காரியம் அதன்மேல் தலையை அழுத்திப் படுத்தது.

யெல்லே விழித்ததும் ஒவ்வொரு தையலாக விரலால் தடவிப் பார்த்தான். "காஞ்சு கிடக்கு," என்றான், நம்பமுடியாமல். பிறகு தலையணைக்கு அடியில் கைவிட்டான். "இது என்ன?"

"வேர்வை."

"இந்தக் குளிர்லயா?"

"எனக்கு உடம்பு சூடு."

யெல்லே கையை ஸ்வெட்டரில் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினான். ரொட்டியில் வெண்ணெயை விளிம்புவரை ஒரே சீராகத் தடவினான், ஆனால் கடிக்கவில்லை. "மத்தியானம் டௌவேக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன்," என்றான். "உனக்காகத்தான் சொல்றேன். மூணு வருஷம் நனைஞ்சுட்ட. போதும்."

அஃப்கே வாயைத் திறந்தாள். மூன்றாண்டு வசவுகள் தொண்டையில் வரிசையாக நின்று வழியை அடைத்தன. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அடுத்த வேன் இதே பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்துக் கோட்லீவ் அம்மாளுடையது. எழுபது வயது; தனிப் பயணி. வண்டி எந்த இடத்தில் ஓய்ந்ததோ அந்த இடத்தில் நிறுத்தியிருந்தார். முன்புறம் ஆற்றை நோக்கிக் குனிந்து, வலப்பக்கம் தோள் தாழ்த்தி, மது அருந்திய எருமை மாதிரி நின்றது. கதவைத் திறந்து கூப்பிட்டார்.

"உள்ள வாங்கம்மா, நனையாதீங்க. காபி இருக்கு. பிஸ்கட் டப்பா திறந்தே இருக்கு. உங்க ஊர்ல மாதிரி ஒண்ணு குடுத்துட்டு மூடிட மாட்டேன்."

"நாங்க மூடறது எறும்புக்காக."

"சரி, ரெண்டு கால் எறும்போ என்னவோ."

அஃப்கே உட்கார்ந்தாள். கோப்பை தானாகவே மேசை விளிம்பை நோக்கிப் புறப்பட்டது. கோட்லீவ் பேச்சை நிறுத்தாமலே அதைப் பிடித்து, அடியில் ஈரத்துணி ஒன்றை வைத்து நிறுத்தினார்.

"உங்களுக்கு ஒழுகறதில்லையா?" என்று அஃப்கே கேட்டாள்.

"இந்த வண்டியில ஒழுகாதது அது ஒண்ணுதான். இன்ஜின்ல எண்ணெய் ஒழுகுது, குழாய் ஒழுகுது. கூரைக்கு என்னமோ நல்ல புத்தி."

வெளியே அந்தக் கூரையின் தாழ்ந்த மூலையிலிருந்து மழைநீர் கயிறு திரித்ததுபோல ஒரே தாரையாக விழுந்துகொண்டிருந்தது. அதன் கீழே கோட்லீவ் ஒரு வாளியை வைத்திருந்தார். பாத்திரம் கழுவ அந்தத் தண்ணீரே போதும் என்றார். அஃப்கே தன் வேனைத் திரும்பிப் பார்த்தாள். அதே மழை, அதே நேரம். அங்கே எந்த மூலையிலிருந்தும் எதுவும் விழவில்லை. கூரை விளிம்பு சுற்றிலும் நாகரிகமாக ஈரமாயிருந்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் தண்ணீர் எங்கே போகிறது என்று அவள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே, அவர்கள் கூரைமேல் ஒரு கரும்பறவை வந்து இறங்கியது. நடந்தது. மார்புவரை அமிழ்ந்தது. சிறகை விரித்து நான்கு பக்கமும் நீரை வாரியிறைத்து, அவசரமில்லாமல் குளிக்கத் தொடங்கியது.

"அட," என்றார் கோட்லீவ். "நீச்சல் குளம் வச்ச வண்டியா உங்களோடது. சொல்லவே இல்லையே."

அஃப்கே குடையை மறந்து ஓடினாள். மர மேசையை வேன் ஓரமாக இழுத்துப்போட்டு, அதன்மேல் குப்பைக்கூடையைக் கவிழ்த்து, ஏறி எட்டிப் பார்த்தாள். பறவை கோபமாகப் பறந்தது. கூரையின் நடுவே, கூரை ஜன்னலைச் சுற்றி, தெளிந்த குளம் ஒன்று தேங்கியிருந்தது. பீச் மரத்து இலைகள் அதில் மிதந்தன. ஜன்னலின் ரப்பர் விளிம்பு நீருக்குள் கிடந்தது. அங்கே நுழையும் நீர் உட்கூரையின் வழியே ஊர்ந்து, கித்தான் ஓரம்வரை வந்து, தையலிலிருந்து சொட்டுவதுபோலச் சொட்டியிருக்கிறது. மூன்றாண்டுகளாகத் தையல் நிரபராதி.

"யெல்லே. இங்க வா. ஏறிப் பாரு."

அவன் ஏறினான். நெடுநேரம் பார்த்தான். "ரப்பர் போயிடுச்சு," என்றான். "அதுக்கு மேல கொஞ்சம் பசை..."

"பசை வேண்டாம். தண்ணி நின்னாத்தானே நுழையும்? வண்டியைக் கொஞ்சம் சாய்ச்சு நிறுத்து."

யெல்லேயின் முகத்தில், கோயிலுக்குள் செருப்போடு போகச் சொன்னால் வரும் பார்வை வந்தது. "சாய்ச்சா? நானா? இந்த அம்மா நிறுத்தியிருக்கிற மாதிரியா?"

"இந்த அம்மாவுக்குக் காது கேக்குது," என்றார் கோட்லீவ், தன் வாசலிலிருந்து.

"மட்டமா இல்லாத இடத்துல மனுஷன் தூங்க முடியாது அஃப்கே. ஒரு வேலைன்னா ஒரு ஒழுங்கு வேணும். நான் வாழ்நாள்ல ஒரு தரையைக்கூடக் கோணலாப் போட்டதில்லை."

அஃப்கே மேசையடியில் நின்று, மழையில் நனைந்தபடி அண்ணாந்து அவனைப் பார்த்தாள். "நம்ம வீட்டுக் குளியலறையை எப்படிப் போட்ட?"

"எப்படின்னா? ஒழுங்காத்தான்."

"ரசமட்டம் வச்சுப் பார்த்தா குமிழ் நடுவுல நிக்குமா?"

"அது எப்படி நிக்கும்? வாட்டம் விடலைன்னா தண்ணி வடிகாலுக்கு எப்படிப் போகும்? நேத்து வேலைக்குச் சேர்ந்த பையனுக்குக்கூட..."

அவன் அங்கே நிறுத்தினான். குப்பைக்கூடைமேல் நின்றபடி குளத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். பிறகு மறுபடி குளத்தை. ஒரு மனிதன் தன் தொழிலிலேயே முப்பதாண்டு அனுபவத்தோடு வழுக்கி விழும் காட்சி அடிக்கடி காணக்கிடைப்பதல்ல. அஃப்கே அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க அவள் உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"மீட்டருக்கு ரெண்டு சென்டிமீட்டர்," என்றான் யெல்லே, மெல்லிய குரலில். "அதுக்கு மேல போனா வழுக்கும்."

அதன்பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. சாய்ப்பதென்றால் சும்மாவா? எந்த மூலை தாழவேண்டும், எவ்வளவு தாழவேண்டும், கதவுக்கு எதிர்ப்புறம் நீர் விழுமா என்றெல்லாம் பார்த்து, அட்டையை மடித்து ரசமட்டத்தின் ஒரு முனைக்கு முட்டுக்கொடுத்து, கோணலை அவன் நேர்த்தியாக அளந்தான். அஃப்கே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். அவன் தாழவேண்டிய மூலையில் நின்றுகொண்டு கையசைத்தான்.

"பின்ன வா. மெதுவா. கட்டையிலிருந்து இறக்கு. இன்னும். அப்படியே..."

சக்கரம் கட்டையைவிட்டு இறங்கியது. வண்டி தலைசாய்த்தது. கூரைமேலிருந்த குளம் முழுவதும், இலைகளோடும் கரும்பறவையின் இறகு ஒன்றோடும், யெல்லேயின் பிடரியில் இறங்கியது.

 கோட்லீவ் தன் வாளியை எடுத்து நீட்டினார். "அடுத்த தடவை இதை வச்சுப் பிடிங்க."

அஃப்கே ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். யெல்லே காதிலிருந்து ஒரு பீச் இலையை எடுத்து ஆராய்ந்து, "வாட்டம் சரியா இருக்கு," என்றான்.

அவன் உடை மாற்றிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. டௌவே. யெல்லே ஒலிபெருக்கியை அழுத்திவிட்டுக் காலுறை போடத் தொடங்கினான்.

"என்னப்பா, ஒழுகிச்சா?"

யெல்லே பொய் சொல்லத் தெரியாதவன். "காலையில ஒரு சொட்டு விழுந்துச்சு டௌவே. அப்புறம் காரணத்தைக் கண்டுபிடிச்சுட்டோம். ஆனா சொட்டு விழுந்துச்சு. சொன்னது சொன்னதுதான்."

அஃப்கே தரையில் கிடந்த இன்னொரு காலுறையைத் தாண்டி வந்து கைபேசியை எடுத்தாள். "டௌவே, நான் அஃப்கே. வண்டியில பாதி என்னோடது. நான் எந்தச் சபையிலயும் எதையும் சொல்லலை. அவன் பாதி வேணும்னா வந்து எடுத்துக்கோ. ஒழுகற பாதி அவனோடது, ஸ்டியரிங் இருக்கிற பாதி என்னோடது."

மறுமுனையில் டௌவே சிரித்து முடிக்கச் சற்று நேரமாயிற்று. "நீதானே அதைச் சாக்கடைன்ன?"

"ஆமா. என் சாக்கடை. எனக்கு அது வேணும். உங்க வேலி எனக்கு வேண்டாம். உன் பொண்டாட்டிகிட்ட வேலியைப் பத்தி மட்டும் சொல்லாதே."

"சொல்ல மாட்டேன். ஆனா அவ இங்கதான் உட்கார்ந்திருக்கா," என்றான் டௌவே.

அழைப்பு முடிந்தபிறகு யெல்லே ஒற்றைக் காலுறையோடு அவளைப் பார்த்தான். "உனக்கு இது பிடிக்குமா?"

"பிடிக்கலைன்னா மூணு வருஷம் நனைவேனா?"

"உனக்காகத்தான் குடுத்துடறேன்னேன். எனக்கு அழுகையே வந்துச்சு, ரொட்டிக்கு வெண்ணெய் தடவறப்ப."

"பார்த்தேன். வாயைத் திறக்க வேண்டியதுதானே?"

"நீ?"

இருவரும் சேர்ந்து காபி போட்டார்கள். ஒரு பிஸ்கட் எடுத்தபிறகு டப்பாவை மூட அஃப்கேயின் கை தானாக நீண்டது. பாதி வழியில் நிறுத்தி, இரண்டாவதை எடுத்து அவனிடம் கொடுத்தாள்.

காபிக்கு நடுவே நின்றுபோன மழை பிற்பகலில்தான் திரும்பி வந்தது. ஆனால் முழு மனத்தோடு வந்தது. இருவரும் மேல்தட்டில் ஏறி மல்லாந்து படுத்து, தலையணைக்கு நேர்மேலே இருந்த அந்த இடத்தை விளக்கு வைத்துப் பார்த்தார்கள். வெளியே தாழ்ந்த மூலையிலிருந்து தாரை விழும் ஓசை கேட்டது. இந்தப் பக்கம் ஒரு சொட்டு இல்லை. பத்து நிமிடத்தில் யெல்லே மெத்தையோடு சரிந்து வந்து அவள் தோளில் முட்டினான். இன்னும் சிறிது நேரத்தில் அவள் கித்தான் ஓரத்துக்கும் அவன் விலாவுக்கும் இடையே சாண்ட்விச் ஆனாள்.

"கித்தானைத் தொடாதே," என்றான் அவன். "தொட்டா அந்த இடத்துல நீர் கசியும்."

"நானா தொடறேன்? நீதான் தள்ளற."

"நாளைக்கு எங்க போறோம்?"

"தெரியாது."

"எங்க போனாலும் எதிர்ப்பக்கமாச் சாய்ச்சு நிறுத்தறேன். அப்ப நீ என்மேல விழலாம்."

"சரி," என்றாள் அஃப்கே. முழங்கையால் அவனை ஒரு சாண் மேலே தள்ளினாள். அவன் மறுபடி மெதுவாக இறங்கி வந்தான்.