குளியலறைக் கூரையில் அப்பா

என் அப்பாவின் முகத்துக்குக் கீழேதான் நாங்கள் மூன்று பேரும் ஐந்து வருஷமாகக் குளிக்கிறோம்.

தங்கை வர்ஷினி பெரியவளானபோது சீருக்கு அடித்த ஃபிளெக்ஸ் அது. சீர் முடிந்த மறுநாள் அம்மா அதை அவிழ்த்து, கூரையில்லாத குளியலறைக்கு மேல் இழுத்துக் கட்டிவிட்டாள். வெள்ளைப் பக்கம் வெயிலுக்கு, படம் போட்ட பக்கம் உள்ளே. அப்பா மேலேயிருந்து சிரிப்பார். தண்ணீர் மோந்து ஊற்றும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன், சோப்புக்குப் பயந்து அல்ல. போகப் போக அவர் கன்னத்தில் பாசி பிடித்தது. மூக்கோரத்தில் பல்லி முட்டை வைத்திருந்தது. அது மட்டும் எனக்குப் பிடிக்கும்.

ஃபிளெக்ஸ் அடித்தபோதே அப்பா வீட்டில் இல்லை. அதற்கு மூன்று வருஷம் முன்பே சோமனூரில் வேறொருத்தியோடு குடியேறிவிட்டார். பஸ் ஏறினால் இருபது நிமிஷம். ஆனாலும் அப்பன் பெயரில்லாமல் மகளுக்கு எப்படிச் சீர் வைப்பது என்று அம்மா அழுதாள். ஸ்டுடியோக்காரர் கல்யாண ஃபோட்டோவிலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டிக் கொடுத்தார். கழுத்தில் மாலையின் ஒரு துண்டு இன்னும் தொங்குகிறது. கீழே கொட்டை எழுத்தில், 'அன்புடன் அழைக்கும் தந்தை பாலுசாமி'. சீருக்கு அவர் வரவில்லை.

இந்த வருஷம் வர்ஷினிக்குக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் கணிதம் கிடைத்தது. கட்ட வழியில்லாத பிள்ளைகளுக்குக் கல்லூரியே கட்டண உதவி தருகிறது. அந்த விண்ணப்பத்தில் தந்தையின் வருமானச் சான்று, தந்தையின் கையெழுத்து இரண்டும் கேட்டிருந்தார்கள். உதவி கிடைக்காவிட்டால் அவளும் என் பக்கத்தில் வந்து நூல் தார் சுத்தும் மெஷினில் உட்கார வேண்டியதுதான். பத்தாவதோடு நான் உட்கார்ந்த மெஷின் அது. தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்தே என் விரல் நுனிகள் மரத்துவிட்டன. அவள் விரல் நுனிகள் இன்னும் மெத்தென்று இருக்கின்றன.

வர்ஷினி அப்பாவுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"கையெழுத்துத்தானே கண்ணு? போட்டாப் போச்சு. உங்கம்மாளை இங்க வந்து, எல்லாரு முன்னாலயும் கேக்கச் சொல்லு." பின்னால் ஒரு பெண் சிரித்தாள். அப்பா எதையோ மென்றுகொண்டே பேசினார். அந்த மெல்லுகிற சத்தம் ரெண்டு நாள் என் காதைவிட்டுப் போகவில்லை.

கல்லூரி அலுவலகத்து அம்மா வேறு வழி சொன்னார். அப்பா விட்டுப்போய்விட்டார் என்று தாலுகா ஆபீசில் சான்று வாங்கி வைத்தால் போதும். இ-சேவையில் பதிந்தோம். விசாரிக்க வி.ஏ.ஓ. வருவார், அக்கம்பக்கத்தில் ஒருவராவது சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள்.

வி.ஏ.ஓ. வந்த அன்று அம்மா கிரீம் பிஸ்கட் வாங்கி வைத்தாள். அடுத்த வீட்டுப் பழனியாத்தாள் பெரியம்மா கூப்பிடாமலே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். எட்டு வருஷமாக வாரம் தவறாமல் வருகிறவள். "உங்கூட்டுக்காரரக் காந்திபுரத்துல பாத்தேன் செல்லா, கூட அவளும் இருந்தா" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் முகம் சுருங்கும் வரை காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்து போவாள். சாட்சிக்கு இவளை விடத் தெரிந்தவர் யார் என்று நினைத்தோம்.

"ஏனுங்கம்மா, இவங்க வூட்டுக்காரர் எத்தன வருஷமா இங்க வர்றதில்லீங்க?" என்று கேட்டார் வி.ஏ.ஓ.

"எனக்கொண்ணும் தெரியாதுங்க சார். நானுண்டு எம் பொழப்புண்டுங்க. பாலுசாமி தங்கமான மனுசருங்க. வேலையா வெளியூரு போயிருப்பாருங்க."

சொல்லிவிட்டு ரெண்டாவது பிஸ்கட்டைப் பிரித்து, கிரீமை மட்டும் நக்கினாள். அவள் மகன் வேலை பார்ப்பது அப்பா மேஸ்திரியாக இருக்கிற தறிப்பட்டறையில். அது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது.

வி.ஏ.ஓ. பேனாவை மூடிவிட்டு, "பாத்ரூம் எங்கிருக்குதுங்கம்மா?" என்றார். அம்மா யோசிக்காமல் கையைக் காட்டிவிட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஈரக் கையை உதறிக்கொண்டே திரும்பி வந்தார்.

"உள்ள இருக்கறது யாருங்கம்மா?"

அம்மா பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அன்புடன் அழைக்கும் தந்தைன்னு போட்டிருக்கு. தேதியும் போட்டிருக்கு. எட்டு வருஷமா இல்லாதவரு அஞ்சு வருஷத்துக்கு முந்தி எப்புடிங்கம்மா சீருக்கு அழைச்சாரு?"

"அதானுங்க சார் நானும் சொன்னேன்" என்றாள் பெரியம்மா.

'அவர் வரவில்லை' என்று ஒரு வார்த்தை போதும். பழனியாத்தாள் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தாள். வர்ஷினி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் விரல்களைப் பார்த்தேன்.

பீரோவைத் திறந்து சீர் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வெளி ஆட்கள் முன்னால் நான் பேசுகிறவள் அல்ல.

"இதுல எங்கயாச்சும் அப்பா இருக்காரா பாருங்க சார்."

அவர் புரட்டினார். அப்பா நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் மாமா நின்றார். பந்தி ஃபோட்டோவில் பெரியம்மா வாயைத் திறந்தபடி இருந்தாள்.

"பெரியம்மா, இதுல என்ன சொல்லிட்டிருக்கீங்க?"

"சோறு திங்கறேன் கண்ணு. வேறென்ன?"

"அப்பன் வராத சீருக்கு இத்தன எலை போட்டுட்டாளேன்னு சொன்னீங்க. நாந்தான் உங்களுக்கு ரசம் ஊத்தினேன்."

"அய்யே, இவளுக்குப் பேசத் தெரியுமா!"

"போன தீபாவளிக்கு முந்தின வாரமும் சொன்னீங்க. காந்திபுரத்துல அப்பா அந்தம்மாவுக்குச் சேலை எடுத்துக் குடுத்தாருன்னு. பச்சைச் சேலைன்னீங்க."

"பச்சை எங்கடி சொன்னேன்? மாம்பழக் கலரு! பார்டருதான் பச்சை. ரெண்டு கண்ணால பாத்தவ நான், எங்கிட்டயே..."

நிறுத்திக்கொண்டாள். கிரீம் உதட்டில் ஒட்டியிருந்தது.

வி.ஏ.ஓ. பேனாவைத் திறந்தார். "எழுதிக்கட்டுமாங்கம்மா? இல்ல, தாலுகா ஆபீசுக்கு வந்து சொல்றீங்களா?"

"எம் பையன் பொழப்புல மண்ணு உழுந்தா நீங்கதான் பதில் சொல்லோணும்" என்று எங்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். போகும்போது மீதி பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டாள்.

வாசல் காலியானதும் அம்மா என்னிடம் வந்தாள். "எட்டு வருஷமா நான் மூடி வெச்சத இப்புடி நடுவாசல்ல அவுத்துப் போட்டுட்டியே." அவ்வளவுதான். அப்புறம் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டைத் தட்டில் போட்டு நகர்த்தி வைப்பாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. அவள் மூடி வைத்தது ஊருக்கே தெரியும். ஊர் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைத்தான் தின்றுகொண்டிருந்தது.

சான்று வந்தது. கல்லூரி உதவிக்கு ஒப்புக்கொண்டது. ஆனால் ஆன்லைன் சேர்க்கைப் படிவத்தில் 'தந்தை பெயர்' என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியவில்லை. வர்ஷினி அந்தப் பெயரை டைப் அடித்தாள். எதையோ தொட்டு ஒட்டிக்கொண்டதைத் துடைப்பது போலக் கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டாள்.

அவள் முதல் நாள் கல்லூரிக்குப் பஸ் ஏறிய பிறகு, அம்மா ஸ்டூலைப் போட்டுக் குளியலறைச் சுவர்மேல் ஏறினாள். ஃபிளெக்ஸின் முடிச்சுகளை அவிழ்த்தாள். பல்லி முட்டைகள் உதிர்ந்து தரையில் உடைந்தன.

"என்ன பாத்துட்டு நிக்கறே? அந்தக் கயித்தை இழுத்துப் புடி" என்றாள்.

இழுத்துப் பிடித்தேன். முகம் வானத்தைப் பார்க்கும்படி திருப்பிக் கட்டினோம். இப்போது உள்ளே வெள்ளைப் பக்கம். ஆனால் உச்சி வெயிலில் அந்த முகம் மங்கலாக, இடம் வலம் மாறித் தெரிகிறது. அதனால் விடிந்ததும் விடியாததுமாகவே நாங்கள் குளித்துவிடுகிறோம்.