முதல் தடவையில் பாஸ் கிடையாது

வண்டி ஓட்டும் லைசன்ஸுக்குத் தேர்வு நடத்துகிற இன்ஸ்பெக்டராக முப்பத்தோரு வருஷம் இருந்தவர் அவர். அத்தனை வருஷத்தில், முதல் தடவை வந்த ஒருவருக்குக்கூட அவர் பாஸ் போட்டதில்லை. எவ்வளவு அழகாக ஓட்டினாலும் சரி, இறங்கும்போது "மறுபடி வாங்க" என்பார். முதல் தடவையே பாஸ் போட்டால் தலைக்கனம் வந்துவிடும், தலைக்கனம் வந்தவன் லாரிக்கு அடியில் போவான் என்பது அவர் கட்சி. ஊரே அவரை 'மறுபடி' என்றுதான் கூப்பிட்டது. ஒருமுறை போட்ட ஃபெயிலை அவர் மாற்றியதும் இல்லை. மந்திரி வீட்டிலிருந்து போன் வந்தபோதுகூட.

அப்பேர்ப்பட்டவருக்கு வலது முட்டி தேய்ந்துபோய், போன வருஷம் ஆபரேஷன் செய்து புது முட்டி வைத்தார்கள். முட்டி என்றால் அப்படி ஒரு முட்டி! மூன்றாம் மாதமே கைத்தடியைப் பரணில் போட்டார். ஆறாம் மாதம் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிறேன் என்று நாளைக்கு நாலு தடவை மொட்டைமாடிக்கு ஏறி இறங்கினார். தொட்டியில் பார்க்க ஒன்றும் இல்லை, ஏற முடிகிறதே என்ற குஷிதான்.

வருஷம் முடிந்ததும் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ஒரு படிவம் வந்தது. இடுப்பும் முட்டியும் மாற்றிக்கொண்டவர்கள் ஒரு வருஷம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கிறார்களாம். பன்னிரண்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை மதிப்பெண். மதிப்பெண் என்ற வார்த்தையைக் கண்டதும் மனுஷருக்குக் கை துறுதுறுவென்றது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். மாடிப்படி இறங்குவதற்கு ஒன்று. கடைக்கு நடப்பதற்கு ஒன்று. தூக்கத்தில் வலிக்காததற்கு, போனால் போகிறதென்று இரண்டு. மொத்தம் பதின்மூன்று. குறிப்பு எழுத விட்டிருந்த இடத்தில், 'திருப்பத்தில் நிதானம் போதாது, இன்னும் பயிற்சி தேவை' என்று எழுதினார்.

"என்னங்க இது அநியாயமா இருக்கு? காலையிலகூட மாடிக்கு ஓடினீங்களே!" என்றாள் மனைவி.

"முட்டிக்கு இதுதான் முதல் டெஸ்ட். அடுத்த தடவை பாத்துக்கலாம்."

அந்த ஆராய்ச்சியில் அடுத்த தடவை என்று ஒன்று இல்லை. நாலாம் நாள் போன் வந்தது. மதிப்பெண் ரொம்ப மோசம், உடனே வாருங்கள், முட்டியைத் திரும்பத் திறக்க வேண்டியிருக்கலாம் என்றார்கள்.

"தெரியாம போட்டுட்டேன்னு சொல்லிடுங்களேன்," என்றாள் மனைவி.

"போட்டது போட்டதுதான்." வீறாப்பாகச் சொல்லிவிட்டு மனைவியோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் செய்த பெண் டாக்டர் அவர் காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"சுமார்."

டாக்டரின் முகம் வாடிவிட்டது. "எக்ஸ்ரேல எல்லாம் சரியா இருந்தும் சிலபேருக்கு வலி போறதில்ல சார். ஏன்னு கண்டுபிடிக்கத்தான் இந்த ஆராய்ச்சியே. முதல்ல ஊசி குத்தி உள்ள இருக்கிற நீரை எடுத்துப் பாக்கறோம். அதுலயும் தெரியலன்னா திறந்துதான் பாக்கணும். நான்தான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன்."

நர்ஸ் ஊசியை எடுத்து வைத்தாள். அது ஒன்றும் சின்ன ஊசி இல்லை. அதைப் பார்த்தும் அவர் காலை நீட்டிக் கொடுத்தார்.

"சீக்கிரம் முடிச்சிடலாம் சார்," என்றாள் நர்ஸ். "வெளியில ஒரு அம்மா வலியோட உக்காந்திருக்காங்க. உங்க மார்க் ரொம்பக் கம்மிங்கறதால அவங்க முறையை உங்களுக்குக் குடுத்துட்டோம்."

கதவிடுக்கில் அந்த அம்மாள் தெரிந்தாள். ஒரு காலை விறைப்பாக நீட்டி, இரண்டு கையாலும் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் அவரும் அதே பெஞ்சில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"டாக்டர், அந்த மார்க் தப்பு."

"யார் போட்ட மார்க்?"

"நான் போட்டதுதான். முட்டி பிரமாதமா இருக்கு. நாப்பத்தெட்டுக்கு நாப்பத்தெட்டு. முதல் தடவைங்கறதால ஃபெயில் போட்டேன்."

டாக்டர் திட்டத்தான் வாயெடுத்தார். ஆனால் நிம்மதியில் சிரிப்பு முந்திக்கொண்டது. ஒரு புதுப் படிவத்தை அவர் கையில் திணித்துவிட்டு, "அந்த அம்மாவை வரச் சொல்லுங்க," என்றார்.

வராந்தாவில் நின்று பன்னிரண்டு கேள்விக்கும் நாலு போட்டு முடித்தார். பக்கத்தில் நின்ற மனைவி கேட்டாள்.

"அப்போ என்னோடது?"

"எது?"

"கல்யாணமான மூணாம் வருஷம் டெஸ்டுக்கு வந்தேனே. மூணு தடவை வந்தேன். மூணு தடவையும் 'மறுபடி வா'ன்னீங்க. அதோட நான் ஸ்டியரிங்கைத் தொடவே இல்ல."

அவர் சுவரைப் பார்த்தார். போட்டது தப்பு என்று இன்னொரு தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது.

"மூணு தடவையும் நல்லாத்தான் ஓட்டின. பொண்டாட்டிக்குச் சலுகை காட்டிட்டான்னு ஆபீஸ்ல பேசுவாங்களேன்னு..."

அவள் காய்ச்சல் கண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மழையில் பஸ்ஸுக்கு நின்றபோதெல்லாம், நமக்குத்தான் சாமர்த்தியம் போதவில்லை என்று நினைத்திருந்தாள். இருபத்தெட்டு வருஷம் அப்படியே நினைத்திருந்தாள்.

"நாளைக்குக் காலையில லைசன்ஸ் ஆபீஸுக்குப் போறேன்," என்றாள்.

"நானே கார்ல கொண்டுவிடறேன்."

"கார் வீட்டுலயே நிக்கட்டும். நீங்களும் பஸ்ஸுல வாங்க. உக்கார இடம் கிடைக்காது, நின்னுட்டே வாங்க. முட்டிதான் பிரமாதமா இருக்கே."