அம்மணியின் ஐந்தாவது வரிசை

போன கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை காலை, செகந்திராபாத் பக்கம் உப்பலில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டின் ஐந்தாவது ஆளும் கண்ணுக்குத் தெரியாமல் போனார். தண்ணீர் லாரி வழக்கம்போல வந்துபோனது. மறைந்தவர்களின் குரல் கேட்டது, கை பட்டால் தெரிந்தது, வைத்த சோறு தீர்ந்தது, ஆள்தான் இல்லை. இரண்டாம் மாடி மாமனார் ஒருவர் இதையே சாக்காக வைத்து, மருமகள் கண்ணெதிரிலேயே வாரம் முழுக்க ஜாங்கிரி தின்றார். ஒரு வீட்டில் கைக்குழந்தைக்குக் கொலுசு மாட்டிவிட்டு, சத்தத்தை வைத்துத் தேடி எடுத்தார்கள். காரணம் ஒன்றும் ரகசியமில்லை. முந்தின நாள் குடியிருப்போர் சங்கத்தின் புதிய இணையப் படிவம் வந்திருந்தது. வீட்டில் இருப்பவர்களை எழுதச் சொன்ன அட்டவணையில் நான்கே வரிசைகள் இருந்தன.

படிவத்தைச் செய்தவன் மூன்றாம் மாடி குமரவேல். ஐடி கம்பெனியில் வேலை. சங்கத்தில் நல்ல பேர் வாங்க இலவசமாகச் செய்துகொடுத்தான். தன் வீட்டை நினைத்துத்தான் நான்கு வரிசை போட்டான்: தான், மனைவி லலிதா, இரண்டு பிள்ளைகள். லலிதாவின் அக்கா அம்மணி எட்டு மாதமாக அவர்களோடுதான் இருந்தாள். அந்த நான்கு வரிசைகளை அவன் வரைந்துகொண்டிருந்தபோது வாயில் இருந்தது அவள் சுட்ட பணியாரம். சிலருக்கு மூக்குக்குக் கீழே இருப்பது தெரிவதில்லை, திட்டிப் பயனில்லை. லலிதா திட்டினாள். "எங்கக்காவ எங்கீங்க எழுதுனீங்க?" என்று அவள் கேட்டபோது குமரவேல் திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தான். அடுப்படியில் ஒரு கரண்டி தானாகச் சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தது. "நானும் இந்த ஊட்லதானுங் மாப்பிள்ளை சோறு திங்கறேன்," என்றது கரண்டிப் பக்கமிருந்து ஒரு குரல், கோபமில்லாமல். அதில் கோபம் இல்லாததுதான் அவனைச் சுட்டது.

அம்மணி கோபிச்செட்டிபாளையத்தில் படுக்கையில் கிடந்த தகப்பனாரைப் பார்த்துக்கொண்டே கல்யாண வயதைக் கடத்தியவள். அவர் போன பிறகு தங்கை வீட்டுக்கு வந்தாள். வயது ஐம்பத்து நான்கு. மறைந்துபோன மூன்றாம் நாள் லிஃப்ட் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் அழுத்தினால் அந்தப் பொத்தானுக்கு விளக்கு எரிவதில்லை. பின்னால் வந்த எதிர் பிளாக் தேவசகாயம் அவளைப் பார்த்துக் குட்மார்னிங் சொன்னார். ரயில்வே பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் மதராஸிலிருந்து செகந்திராபாத் வந்த குடும்பம், பேச்சில் அந்த ஊர் உருது கலந்திருக்கும். மனைவி இறந்து தனியாக இருந்தார்.

"என்னய உங்களுக்குத் தெரியுதுங்ளா?"

"ஹவ், ஹவ், நல்லாத் தெரியுதே. ஏன் தெரியாம போகும்?"

அவருடைய அட்டவணையில் ஒரு வரிசைதான் நிரம்பியிருந்தது, மற்ற மூன்றும் காலி. காலி வரிசை உள்ளவர்களின் கண்ணுக்கு மறைந்தவர்கள் தெரிவார்கள் என்பதை எங்கள் குடியிருப்பு அதற்குப் பின்தான் கண்டுகொண்டது. அன்று முதல் மாலைகளில் இருவரும் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பேசினார்கள். பார்த்தவர்களுக்கு ஃபோர்மேன் காற்றோடு பேசிச் சிரிப்பதாகத் தெரிந்தது. இரண்டு வாரம் கழித்து அவர், தன் வீட்டில் மூன்று வரிசை சும்மா கிடப்பதாகவும், ஒன்றில் மனைவி என்று அவள் பெயரை எழுதினால் அன்றைக்கே ஊருக்கெல்லாம் தெரிவாள் என்றும் சொன்னார். அம்மணிக்கு அவரைப் பிடித்திருந்தது. ஆனால் மறுத்தாள். "பொண்ணு கேக்கோணும்னா ஒரு ஊட்டுக்கு வந்து கேக்கோணுங். எந்தூட்லயும் இல்லாதவள எங்க வந்து கேப்பீங்க?" தேவசகாயம் யோசித்துவிட்டு, "நக்கோ, இப்ப வேணாம், அவசரமில்ல. நான் காத்திருக்கேன்," என்றார்.

இந்தப் பேச்சு காதுக்கு வந்ததும் குமரவேல் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தான். அட்டவணையின் கீழே 'வரிசை சேர்' என்று ஒரு பொத்தான் வைத்தான். அழுத்தினான். ஐந்தாவது வரிசை பிறந்தது, அம்மணி கையில் முறத்தோடு ஹாலில் தெரிந்தாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். லலிதா ஓடிவந்து கட்டிக்கொள்ளப் போவதற்குள் திரையில் அந்தப் பக்கம் ஒருமுறை புதிதாகத் திறந்தது, முறம் மட்டும் அந்தரத்தில் நின்றது. அழுத்தினால் வந்தாள், வேறு எதைத் தொட்டாலும் போனாள். மத்தியானம் வரை மினுக்கிக்கொண்டே இருந்தாள், தலைசுற்றுகிறது என்றாள். பக்கம் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அட்டவணை பழைய நான்கையே புதிதாக வரைந்தது. சேர்த்தது எதுவும் அதற்கு நினைவில்லை. அட்டவணையும் தன்னைப் போலத்தான் இருக்கிறது என்று குமரவேலுக்கு உறைத்தது. முதலில் சேர்த்தவர்களை நினைவில் வை, பிறகு வரை என்று அதற்கு எழுதிக் கொடுத்தான். அதன்பின் அம்மணி போகவில்லை. மற்ற வீடுகளிலும் ஆள்கள் வந்தார்கள். மாமனாரின் ஜாங்கிரி நின்றது.

ஆனால் வந்த அம்மணிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது, முட்டி வலித்தது. வயதுக் கட்டத்தில் குமரவேல் குத்துமதிப்பாக அறுபத்தாறு என்று போட்டிருந்தான். எட்டு மாதத்தில் ஒருநாளும் கேட்டதில்லை. சேர்த்த வரிசையைத் திருத்தவும் வழி வைத்திருக்கவில்லை. வெட்கத்தில் காது சிவக்க, கட்டங்களைத் திருத்தும்படி ஆக்கி, மடிக்கணினியை அவள் கையிலேயே கொடுத்தான். லலிதா குனிந்து, நாற்பத்தைந்து போட்டுக்கொள் அக்கா, யார் பார்க்கப்போகிறார்கள் என்று கிசுகிசுத்தாள். அம்மணியின் விரல் நான்கின் மேல் கொஞ்ச நேரம் நின்றது.

"வேண்டாங்கண்ணு. பெஞ்சுல அவிய பாத்தது அம்பத்து நாலத்தான்," என்று சொல்லி, ஐந்தையும் நான்கையும் அழுத்தினாள். கூந்தல் கறுத்தது, காதோரம் இருந்த பழைய நரை மட்டும் அப்படியே நின்றது. அதற்கப்புறம் 'உறவு' என்ற கட்டத்தில் குமரவேல் போட்டிருந்த 'மற்றவர்' என்பதை அழித்துவிட்டு, 'அக்கா' என்று எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவசகாயம் இஸ்திரி போட்ட சட்டையில், பழத்தட்டோடும் ஒரு பெட்டி உஸ்மானியா பிஸ்கட்டோடும் வந்து முறையாகப் பெண் கேட்டார். குமரவேல் எழுந்து நின்று, "எங்கக்காகிட்டக் கேட்டுச் சொல்றனுங்க," என்றான். கேட்டுச் சொன்னான். தை மாதம் பதிவு அலுவலகத்தில் கல்யாணம், கீழே பார்க்கிங்கில் பிரியாணி. எதிர் பிளாக் அட்டவணையில் இரண்டாம் வரிசையில் அம்மணியின் பெயர் ஏறியது.

விதிப்படி குமரவேல் வீட்டின் ஐந்தாவது வரிசையை நீக்கியிருக்க வேண்டும். சங்கச் செயலாளர் இரண்டு முறை நினைவூட்டினார். குமரவேல், அழிக்கும் பொத்தானை நான் இன்னும் செய்யவில்லை என்று இரண்டு முறையும் சொன்னான். ஆகவே இப்போது அம்மணி இரண்டு வீட்டிலும் இருக்கிறாள். ராத்திரி எட்டு மணிக்கு எதிர் பிளாக்கில் தேவசகாயத்துக்கு மீன் குழம்பு ஊற்றுகிறாள், அதே எட்டு மணிக்குத் தங்கை வீட்டில் பணியாரம் திருப்புகிறாள். குமரவேல் முதல் பணியாரத்தை அவள் தட்டில் வைத்துவிட்டுத்தான் தின்கிறான்.