கமராவுக்குள் கிடந்த கனடா

உதயகலாவின் கமரா உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். போன வருடம் கனடாவிலிருந்து வந்த மச்சாள் விட்டுப்போனது. சுன்னாகத்தில் கலியாணமென்றால் ட்ரோன் பறக்கிற இந்தக் காலத்தில் இதையும் தூக்கிக்கொண்டு ஒருத்தி வருகிறாளே என்று சனம் சிரிக்கத்தான் செய்தது. சிரிக்கட்டும். பெரிய கமராக்காரருக்குக் கட்டுபடியாகாத வீடுகள் அவளைத்தான் கூப்பிட்டன.

ஒரு வருடப் பழக்கத்தில் அதன் குணமெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வெயிலில் சேலையின் நிறத்தை அப்படியே பிடித்துத் தரும். இருட்டைக் கண்டால் முகத்தில் மா அப்பியமாதிரி ஆக்கிவிடும். பாதிப் பூசையில் பற்றரி கைவிரிக்கும். ஆனால் அதன் முன்னால் யாரும் விறைத்து நிற்பதில்லை, இயல்பாய்ச் சிரிப்பார்கள். அதுதான் அவளுக்குப் பெருமை.

புதன்கிழமை காலை இராசமலர் வீட்டில் மகன் தனோஜனின் கலியாணப் பந்தலுக்குக் கன்னிக்கால் ஊன்றினார்கள். ஏழாலையில் பெண் கஜானியின் வீட்டிலும் அதே முகூர்த்தத்தில் கால் ஊன்றியதால் அங்கிருந்து ஒருவரும் இங்கே வரவில்லை.

"திகதி விழுகிறமாதிரி எடு பிள்ளை. பின்னடிக்குப் பாக்க நல்லாயிருக்கும்" என்றார் இராசமலர்.

அந்த வசதியை உதயகலா அதுவரை தொட்டதேயில்லை. தேடிப் பிடித்து அழுத்திவிட்டு, மளமளவென்று எடுத்தாள். பின்னேரமே படங்கள் பெண்வீட்டுக்குப் போய்விட்டன.

வியாழன் விடியவே இராசமலர் அழுதபடி வந்து நின்றார். படங்களின் மூலையில் செவ்வாய்க்கிழமைத் திகதி விழுந்திருந்ததாம். பெண்ணின் தகப்பன் ஆழ்வாப்பிள்ளையோ பஞ்சாங்கம் பாராமல் வெங்காயம்கூட நடாத மனுசன்.

"செவ்வாயிலை கன்னிக்காலை ஊண்டிப்போட்டுப் புதனெண்டு பொய் சொல்லுற வீட்டிலை சம்பந்தம் வேண்டாமாம். ஐயரைக் கேளுங்கோ எண்டால், படம் பொய் சொல்லுமோ எண்டு கேக்கிறார்."

உதயகலா கமராவை எடுத்துப் பார்த்தாள். கமராவின் மணிக்கூட்டை அவள் மாற்றியதேயில்லை. அது இன்னும் கனடாவில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே புதன் விடிந்தபோது அங்கே செவ்வாய் முடியவில்லை. குணமெல்லாம் தெரியுமென்று பீற்றிக்கொண்டு, இதைப் பார்க்காமல் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் குழப்பிவிட்டேனே என்று தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"திகதியை அழிச்சுப்போட்டு அனுப்புவம், அக்கா" என்றான் தாயின் பின்னால் வந்த தனோஜன்.

"அழிச்சால் களவெண்டு முடிவே கட்டிப்போடுவார். நான் கமராவோடை நேரை போறன்."

ஏழாலையில் ஆழ்வாப்பிள்ளை பந்தலுக்குள் தனியே இருந்தார். அப்போதுதான் முகம் மழித்திருந்தார், நாடியில் புதுக்கீறல் ஒன்று. உள்ளே கஜானி விம்முவது கேட்டது.

"படமெடுத்தது நான்தான் ஐயா. பிழை என்ரை" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள்.

"உந்தச் சின்னச் சாமானுக்குள்ளை கனடா இருக்கெண்டு எனக்குக் கதை சொல்லுறியோ?"

அவர் முறைத்தபடி இருக்க, உதயகலா அப்படியே ஒரு படம் எடுத்து நீட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மூலையில் புதன்கிழமைத் திகதி.

"நேற்று எண்டு கிடக்கு" என்றார்.

"ஓம் ஐயா. முகத்தையும் பாருங்கோ."

அவர் திரையைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்தார். பிறகு நாடியைத் தடவினார்.

"இந்தக் கீறல் இப்ப காலமை விழுந்ததெல்லே. நேற்று எனக்குத் தாடியெல்லே இருந்தது."

கமராவை அவளிடம் கொடுத்தார். பிறகு போனை எடுத்தார்.

"சம்பந்தியம்மா, நான்தான். அவசரப்பட்டுப்போனன். மனசிலை வைச்சிருக்காதையுங்கோ. சொன்ன நாளிலை கலியாணம் நடக்கும்."

உள்ளே விம்மல் நின்றது. வாசலில் வந்து நின்ற மகளின் வீங்கிய கண்களைப் பார்க்க ஆழ்வாப்பிள்ளைக்கு வெட்கமாயிருந்தது.

"முகத்தைக் கழுவிக்கொண்டு வா பிள்ளை. அப்பாவும் நீயும் ஒரு படம் எடுப்பம்."

உதயகலா குனிந்து கமராவின் நேரத்தைத் திருத்தினாள்.

"திகதி வேணுமோ ஐயா, நிப்பாட்டிவிடவோ?"

"இருக்கட்டும்" என்றார் அவர். "என்ரை பிள்ளை இண்டைக்குத்தான் சிரிக்கிறாள்."