முதல் பானை

எங்கள் குடும்பத்தில் வீடும் நிலமும் அம்மனும் பெண்வழியில் வருபவை. மாப்பிள்ளைகள் இங்கே வந்து சேர்வார்கள். ஆண்கள் நாங்கள், கட்டியவள் வீட்டுக்குப் போய்விடுவோம். ஊர் சிரிக்கும். சிரித்தவர்களின் பாகப்பிரிவினை வழக்குகள்தான் அரூர் கோர்ட்டில் கிடக்கின்றன.

தலைவியாக இருந்த என் அக்கா பாஞ்சாலி தை மாதம் இறந்தாள். பிள்ளை இல்லை. ஆடியில் அம்மனுக்கு முதல் பானையை ஏற்றுபவளே அடுத்த தலைவி. தங்கை பானுமதியின் மகள் கனிமொழிக்குத்தான் அந்த உரிமை என்று எல்லோரும் பேசி வைத்திருந்தோம். பானுமதியை யாரும் நினைக்கவில்லை. புருஷனோடு இண்டூருக்குக் குடிபோனதற்காக, இந்த வாசலை மிதிக்கக் கூடாதென்று அக்கா அவளைத் தள்ளிவைத்திருந்தாள்.

ஆடிப் பொங்கல் அன்று அடுப்பு எரிந்தது, கனிமொழி வரவில்லை. என் மகள் தேவிப்பிரியா எழுந்து பானையைத் தூக்கினாள்.

"வெச்சிடு பாப்பா," என்றேன்.

"ஏம்ப்பா? அத்தைக்குப் பீ மூத்திரம் அள்றப்ப, நீ எந்த வூட்டுப் பொண்ணுன்னு யாரும் கேக்கலையே?"

அக்கா புருஷனின் தம்பி மாதவராஜ் இளித்தான். "அடுப்புக்கு என்ன தெரியும் மச்சான், யாரு பெத்ததுன்னு? ஏத்தட்டும் வுடுங்க."

சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"நீ உங்கம்மா வூட்டுப் பொண்ணு. உங்கம்மாவுக்கு அப்புறம் பாப்பிரெட்டிப்பட்டியில நீதான் தலைவி. இங்க தாய்வழிதான் செல்லும்."

அவள் பானையை இறக்கவில்லை. நான் அடுப்புக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். அனல் முதுகைச் சுட்டது. பெற்ற மகளை ஊர் பார்க்க மறித்து நின்றேன், இன்றைக்கும் நிற்பேன்.

அப்போதுதான் கனிமொழி உள்ளே வந்தாள்.

"மாமா, நான் ஏத்தறேங்க. ஆனா அம்மா வெளிய நிக்கறாங்க. அவங்களும் வரணும்."

"அது உங்க பெரியம்மா போட்ட தடை."

"இப்பத்தான தாய்வழின்னு சொன்னீங்க? எங்கம்மாவ வெளிய நிறுத்திட்டா, நான் எந்த வழியில வர்றது?"

நான் வாசலுக்குப் போனேன். புளியமரத்தடியில் பானுமதி நின்றிருந்தாள்.

"உள்ள வா."

"அக்கா போட்ட தடையை எடுக்க நீ யாருண்ணா? ஆம்பள."

சரியாகத்தான் கேட்டாள். எங்கள் வீட்டில் ஆணுக்கு அந்த அதிகாரம் கிடையாது.

"நான் எடுக்கல. அக்கா போயிட்டா. இப்ப இந்த வூட்டுல மூத்த பொம்பள நீதான். தடையை எடுக்கறதும் வெச்சுக்கறதும் உம்பாடு."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தாள். மகளைத் தாண்டி நேரே தேவிப்பிரியாவின் முன் போய் நின்றாள்.

"குடும்மா."

தேவிப்பிரியா அந்த முகத்தைப் பார்த்தாள். பானையைக் கொடுத்தாள். கனிமொழி ஒதுங்கி வழிவிட, பானுமதி அதை அடுப்பில் ஏற்றினாள். குலவை எழுந்தது.

என் மகள் என்னைக் கடந்து தெருவில் இறங்கினாள். கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பாள். நான் கூப்பிடவில்லை.